பதினேழாம் எண் பீப்பாய்

நவம்பர் 12, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி முறிந்து தொங்குகிறது. சேக்காட்டிலிருந்து ராணுவ டெப்போ போய்ச் சேர்வதற்குள் இடது தோள் முழுக்க ஈரம்.

புது உத்தரவு. யுத்தம் முடிந்து மூன்று மாதமாகிறது, இனி இத்தனை லாரிக்கு வேலை இல்லை. என் பொறுப்பில் இருக்கும் என்ஜின் எண்ணெய்ப் பீப்பாய் ஒவ்வொன்றும் எந்த மாதம் வந்தது, இன்னும் எத்தனை நாள் தாங்கும், எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழிக்கலாம். பட்டியல் போட்டு மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். ஹெட் கிளார்க் சொன்னார்: "நாற்பத்தெட்டு பீப்பாய்தானே ஓய், ஒரு மத்தியான வேலை." அவர் எண்ணெய் யார்டுப் பக்கம் வந்து ஒரு வருஷம் இருக்கும்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யார்டு இருப்பது சைடிங் தண்டவாளத்தின் கோடியில், மற்ற கட்டடங்களுக்கு எட்டாத தூரத்தில். நெருப்புப் பயம். பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. பீடி பிடிக்க முடியாத இடத்துக்கு அரட்டை அடிக்க எவன் வருவான்? மூன்றரை வருஷமாக எனக்குப் பேச்சுத் துணை ஒரே ஆள், லாரி டிரைவர் தேசிங்கு. அவனுக்குப் பீடி கிடையாது, வெற்றிலைதான். மடியில் வெற்றிலை இருக்கும், பாக்கு இருக்கும். சுண்ணாம்பு மட்டும் இருக்காது.

இன்றும் வந்தான். "அண்ணாத்தே, கொஞ்சம் சுண்ணாம்பு."

"ஒரு டப்பி வாங்கி மடியில வச்சுக்கக் கூடாதாப்பா?"

"வாங்கிட்டா அப்பால இங்க வர்றதுக்கு இன்னா சாக்கு கீது?"

வந்த புதிதில் சார் என்றுதான் கூப்பிட்டான். எப்போது அண்ணாத்தே ஆனேன் என்று குறித்து வைக்கவில்லை. குறித்திருக்கலாம்.

வாங்க: குடைக் கம்பி (அல்லது குடை), கடுகு, மை.

நவம்பர் 13, செவ்வாய்

மழை விட்டு விட்டு. நடுவில் சுள்ளென்று வெயில். பட்டியல் ஆரம்பம். ஆரம்பித்த உடனே முட்டுக்கட்டை. நாற்பத்தெட்டிலும் ஒரே மாதம் எழுதியிருக்கிறது. செப்டம்பர்.

செய்தது நான்தான். செப்டம்பரில் பெரிய துரை ஒருவர் பார்வையிட வருகிறார் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயிண்ட். பெயிண்டர் பீப்பாய்களுக்குப் பச்சை அடித்துப் பழைய எழுத்தை எல்லாம் மூடிவிட்டு, தலையில் எந்த மாதம் எழுத என்று கேட்டான். ஒவ்வொன்றுக்கும் புத்தகம் புரட்டிச் சொல்ல வேண்டும். எனக்குச் சோம்பல். "எல்லாத்துக்கும் இந்த மாசமே போடுப்பா, பார்க்க ஒரே மாதிரி இருக்கும்" என்றேன். எண் மட்டும் மாற்றி எழுதினான்.

அதோடு விட்டேனா? அதுவரை பீப்பாய்கள் படுக்கையாகத்தான் கிடந்தன. பெயிண்ட் காய்வதற்காக நிமிர்த்தி நிறுத்தினோம். காய்ந்த பின் பார்த்தால் எட்டு எட்டாக ஆறு வரிசை, சிப்பாய் மாதிரி. இப்படியே இருக்கட்டும் என்றேன். துரை வந்தார். பிரம்பால் ஒன்றைத் தட்டினார். "வெரி ஸ்மார்ட்" என்றார். என்னைப் பார்த்து. அந்த இரண்டு வார்த்தையை எத்தனை நாள் மென்றுகொண்டிருந்தேன்!

அவர் போனதும் மறுபடி படுக்க வைத்திருக்க வேண்டும். கொட்டகைச் சுவரிலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறது. மூடி திறக்காமல், படுக்க வைத்து, நிழலில் இருந்தால் எண்ணெய் வருஷக்கணக்கில் கெடாது. எண்ணெயைக் கெடுப்பது வயது அல்ல, தண்ணீரும் தூசியும். மழைக்காலத்தில் நிமிர்த்தி வைக்காதே. தினமும் அதன் கீழேதான் உட்காருகிறேன்.

கூலியாள் கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மை வேறு. காலையில் கேட்டைத் திறந்ததும் அத்தனை பேர் எழுந்து நிற்பது போல் இருக்கும். யாரோ எனக்காகக் காத்திருந்தது போல் இருக்கும். வெட்கக்கேடு. இதை வேறு எங்கே போய் எழுத?

மத்தியானம் தேசிங்கு எண்ணெய் மாற்ற லாரியோடு வந்தான். மூன்றாம் வரிசை முதலாவது, எண் 17. கைப்பம்பு போட்டு அடித்தேன். கேனுக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, எண்ணெ கலங்கலா கீது?"

"மழை வெளிச்சம்ப்பா. வானமே கலங்கித்தான இருக்கு."

"நீ சொன்னா சரி."

புத்தகத்தில் வழக்கம்போல்: எண் 17. பார்த்தேன். நல்ல நிலை. கையெழுத்து.

ரசம், அப்பளம். அப்பளம் தீய்ந்தது.

நவம்பர் 14, புதன்

மழை இல்லை. புழுக்கம். புத்தகம் பார்த்து எந்தப் பீப்பாய் எந்த மாதம் வந்தது என்று ஊகிக்க முயற்சி. பாதிதான் முடிந்தது.

பக்கத்து வீட்டுக்குச் சம்பந்தி வந்திருக்கிறார்கள். ஒரே சிரிப்பு. மனைவி பாக்கியத்திடமிருந்து தீபாவளிக்கும் கடிதம் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம் அவளைச் செய்யாற்றில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் என்று பேச்சு. இந்தத் தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள், தையல்காரர் வீட்டு ஆடு உட்பட.

நவம்பர் 15, வியாழன்

தேசிங்கின் லாரி நடு ரோட்டில் நின்றுவிட்டது. திருமழிசை தாண்டி, பூந்தமல்லிக்கு முன்னால். முழுச் சரக்கோடு. என்ஜின் பிடித்துக்கொண்டு அசையவில்லையாம். சாயந்திரம் வேறு லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள்.

பட்டறையில் கேட்டது:

"அடில தொறந்தா எண்ணெயா அது? மோரு!"

"பாதி எண்ணெய வித்துட்டு தண்ணி ஊத்திகிறான், வேற இன்னா."

"போற நேரத்துல கெடச்சதச் சுருட்டிகினு போலாம்னு பாத்துகிறான்."

கேட்டுக்கொண்டே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு என்ன தெரியும், நிச்சயமாகத் தெரிந்துகொண்டு பேசலாம் என்று எனக்கே ஒரு சமாதானம்.

தேசிங்கு கேட்டருகே நின்றிருந்தான். வேட்டி முழுக்கச் சேறு. "நான் போயி எண்ணெய விப்பனா அண்ணாத்தே? நீ எடுத்துக் குடுத்தது, அப்படியே ஊத்துனேன். அத்த நீ சொல்லு, போதும்."

"சொல்றேன்" என்றேன்.

விசாரணை அடுத்த வெள்ளி. கேப்டன் துரை முன்னால்.

நவம்பர் 16, வெள்ளி

எண் 17-லிருந்து ஒரு சீசா எண்ணெய் எடுத்து, துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யார்டில் நெருப்பு கூடாதே. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வழி சுலபம். சூடான இரும்பில் இரண்டு சொட்டு விட வேண்டும். நல்ல எண்ணெய் சும்மா புகையும். தண்ணீர் இருந்தால் வெடிக்கும்.

வீட்டில் இரும்பு என்றால் பாக்கியத்தின் தாளிக்கிற கரண்டிதான். அடுப்பில் காயவைத்து இரண்டு சொட்டு விட்டேன். கடுகு போட்டது மாதிரி படபடவென்று வெடித்தது. கையில் தெறித்தது. மறுபடி விட்டேன். மறுபடி.

வீட்டுக்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: "இன்னா சார் தாளிக்கிறீங்க? நெடி கொமட்டுது!"

"ஒண்ணுமில்லம்மா, எண்ணெ பழசு."

நடந்தது புரிகிறது. நிமிர்ந்து நிற்கும் பீப்பாயின் தலை விளிம்பில் மழைத் தண்ணீர் குளமாக நிற்கும். பகல் வெயிலில் பீப்பாய் சூடாகி உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். சாயந்திரம் குளிர்ந்ததும் உள்ளே இழுக்கும். மூடி லேசாகத் தளர்ந்திருந்தால் காற்றோடு தண்ணீரும் போகும். தினம் ஒரு மிடறு. இரண்டு மாதம். தண்ணீர் அடியில் தங்கும். பம்பின் குழாயும் அடியில்தான் இருக்கும். படித்தவன், அச்சடித்த தாளுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புத்தகத்தில் இருப்பதோ "நல்ல நிலை". என் கையெழுத்து. தேசிங்கு நினைக்கிறான், நான் வாயைத் திறந்தால் தப்பித்துவிடலாம் என்று. நான் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் போதும், அவன் திருடன் என்று ஆகிவிடும். நல்ல எண்ணெய் கொடுத்தேன், லாரியில் தண்ணீர் கலந்த எண்ணெய். நடுவில் இருந்தவன் அவன் ஒருவன்தானே.

கரண்டியைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தும் வாடை போகவில்லை.

நவம்பர் 17, சனி

தூறல். யாரும் பார்க்காத நேரமாக ஒவ்வொரு பீப்பாயிலும் நீளக் குழாய் விட்டு அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். மொத்தம் பதினொரு பீப்பாயில் கலங்கல். மற்றவை தெளிவு. பழையது புதியது என்ற கணக்கே இல்லை. நாலு வருஷத்துப் பீப்பாய் ஒன்று தேன் மாதிரி இருக்கிறது. மூடி இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு யோசனை வந்தது, எழுதிவைக்கிறேன். அந்தப் பதினொரு பீப்பாயின் அடித் தண்ணீரை இறைத்து ஓடையில் விட்டு, எல்லாவற்றையும் படுக்க வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் வேலை.

ஹெட் கிளார்க்கிடம் பட்டும் படாமலும் கேட்டேன். எண்ணெய் மேலேயே சந்தேகம் வந்தால் என்ன ஆகும் என்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஓய், இந்த மாசக் கடைசியில மூணு கிளார்க்கை நிறுத்தணும்னு லிஸ்ட் கேட்டிருக்கா. யாரைப் போடறதுன்னு நானே மண்டையை உடைச்சுண்டிருக்கேன். நீர் எழுதினது எழுதினபடி இருக்கட்டும்."

தேசிங்கு வந்தான். வண்டி இல்லை, வேலை கொடுக்கவில்லை, நாளெல்லாம் கேட்டருகே உட்கார வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு வாங்கிக்கொண்டான். வெற்றிலையைத் தடவி மடித்து எனக்கும் ஒன்று நீட்டினான். வாங்கிப் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய வெற்றிலை, பேச வேண்டியதில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நவம்பர் 18, ஞாயிறு

வெயில். வேட்டி இரண்டு துவைத்தேன். குடை இன்னும் அப்படியே.

நேற்று மாலைத் தபாலில் வந்த கடிதத்தை இன்றுதான் பிரித்தேன். பாக்கியம். அப்பாவுக்கு இருமல், தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள், பொங்கல் கழித்து வருவது பற்றி யோசிக்கலாம். நாலு வரி. போன வருஷக் கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதிலும் பொங்கல் கழித்துத்தான்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். தேசிங்கிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. அவன் வீடு பட்டாபிராமுக்கு அந்தண்டை, ரயில் பாதையைத் தாண்டி. இத்தனை வருஷத்தில் நான் போனதில்லை. அவனும் என் அறைக்கு வந்ததில்லை. வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்காது என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். அவரைக் கேட்டதில்லை.

அவன் மனைவி வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை எப்படியோ அடையாளம் தெரிந்துகொண்டாள். முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"வாங்க சார். அவரு ஊட்ல இல்ல. கோயிலாண்ட போய்கிறாரு." உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தண்ணி... குடிப்பீங்களா?"

அவள் நடுவில் தயங்கியது எனக்குப் புரிந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கள் மாதிரிக் குடும்பங்களின் வயலில் கூலி வேலை செய்தவர்கள். குடிப்பேன் என்றேன். சொம்பு பளபளவென்று தேய்த்திருந்தது. குடித்தேன்.

"ஊர்ல ஆளாளுக்குத் திருடன்றாங்க சார். எங்க வம்சத்துல இவருதான் மொத டிரைவரு. கெட்ட பேரோட சீட்டுக் கிழிச்சிட்டா அப்பால எந்த பஸ்காரன் சேத்துப்பான்? அவரு உங்களத்தான் நம்பிகினு கீறாரு. அண்ணாத்தே சொல்லிடும், அண்ணாத்தே சொல்லிடும்னு அதையே சொல்லிகினு கீறாரு."

உட்கார்ந்து காத்திருந்திருக்கலாம். அவளிடமே சொல்லியிருக்கலாம். "பார்க்கலாம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் நல்லவன் இல்லை. கெட்டவனாக இருக்கவும் தைரியம் இல்லை.

நவம்பர் 20, செவ்வாய்

நேற்றும் இன்றும் தேசிங்கு வந்தான். சுண்ணாம்பு. அரை மணி நேரம். விசாரணையைப் பற்றிப் பேசவே இல்லை. மகளுக்குக் காது குத்துவது, பட்டாபிராம் ஸ்டேஷனில் புதிதாக வந்த டீக்கடை. என்னைச் சிரமப்படுத்தக்கூடாது என்று பார்க்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்த்து உட்கார முடியவில்லை.

ஒன்று எழுத வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் பாதிதான். மீதி, இதைச் சொல்லிவிட்டால் இவன் வரமாட்டானே என்பது. அவன் வாழ்க்கை போகிறது, எனக்கு அந்த அரை மணி நேரம் பெரிதாக இருக்கிறது.

பட்டியலில் ஒரு வரி கூட நகரவில்லை.

நவம்பர் 22, வியாழன்

பெருமழை. யார்டில் கணுக்கால் தண்ணீர். பீப்பாய்த் தலைகளில் எல்லாம் தண்ணீர் ததும்பி நிற்கிறது. ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தேன். துடைத்து முடிப்பதற்குள் முதலாவது மறுபடி நிறைந்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

தேசிங்கு நனைந்தபடி ஓடிவந்தான். "பட்டறை மேஸ்திரி இன்னா சொல்றாருன்னா, தப்புதான்னு ஒத்துகினு கால்ல வுழுந்துடு, போலீசு இல்லாம சீட்டு மட்டும் கிழிச்சி அனுப்பிடுவாங்கன்றாரு. செய்யாத தப்ப எப்டி ஒத்துகிறது? நாளிக்கி நீ வருவல்ல அண்ணாத்தே?"

"வர்றேன்."

"போதும்."

நாளைக்கு எடுத்துப்போக: பதினேழாம் எண் சீசா. வழங்கல் புத்தகம். கரண்டி.

நவம்பர் 23, வெள்ளி

மழை இல்லை. சொல்லிவிட்டேன்.

கேப்டன் துரை மேஜை. பக்கத்தில் ஹெட் கிளார்க், தேசிங்குக்காகத் தமிழில் திருப்பிச் சொல்ல. தேசிங்கு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். புதிதாய்த் துவைத்த காக்கிச் சட்டை. புத்தகத்தைப் படிக்கச் சொன்னார்கள். எண் 17, நல்ல நிலை என்று படித்தேன். துரை தலையாட்டித் தேசிங்கைப் பார்த்தார். தேசிங்கும் தலையாட்டினான், நான் அவன் பக்கம்தான் பேசுகிறேன் என்று.

அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியவில்லை. சீசாவை மேஜை மேல் வைத்தேன். நான் எழுதியது தப்பு, பார்க்காமல் எழுதினேன், இதுதான் அந்த எண்ணெய் என்றேன். பீப்பாய்களை நிறுத்தியது நான், படுக்க வைக்காமல் விட்டது நான். கரண்டியைக் காட்டினதும் துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராந்தாவில் அடுப்பு மூட்டச் சொன்னார். எல்லாரும் சுற்றி நிற்க இரண்டு சொட்டு விட்டேன். வெடித்தது. சிரிப்பு போய்விட்டது.

பிறகு துரை கேட்டார், இது எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று.

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ஒரு பொய் எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று தோன்றியது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து என்றேன்.

ஹெட் கிளார்க் கேள்வியையும் பதிலையும் வரி விடாமல் தமிழில் சொன்னார். அவர் கடமை. தேசிங்கு கட்டியிருந்த கையை இறக்கினான்.

தேசிங்கு மேல் குற்றமில்லை என்று எழுதியாகிவிட்டது. திங்கள் முதல் வேறு லாரி. என் பெயர் நிறுத்தப்படுகிறவர்கள் லிஸ்டில் முதலாவது. அதற்குள் பீப்பாய் அத்தனையும் சோதித்து, படுக்க வைத்து, ஒப்படைக்க வேண்டும். ஹெட் கிளார்க் என் தோளைத் தொட்டார். அவருக்கும் ஒரு மண்டைக்குடைச்சல் தீர்ந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் தேசிங்கு நின்றிருந்தான். நன்றி சொல்வான் என்று ஒரு நப்பாசை எனக்கு. மனுஷ புத்தி.

"ஒரு வாரமா அண்ணாத்தே?"

கையிலிருந்த கரண்டியைத் துண்டில் துடைத்தேன்.

"டெய்லி வந்து உன் எதுர்லதான குந்திகினு இருந்தேன். என் பொஞ்சாதி ஒரு வாரமா சரியா சோறு துன்னல. ஊட்டுக்கு வந்துகிறியாமே. தண்ணி குடிச்சியாமே."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை.

நவம்பர் 24, சனி

ஆறு கூலியாட்கள் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகக் கிடைக்காதவர்கள். முதல் நாலு வரிசையும் படுத்துவிட்டன. மூடி இரண்டும் பக்கவாட்டில் இருக்கும்படி, எண்ணெய் மட்டத்துக்குக் கீழே, காற்று இழுக்காதபடி. கல் அண்டை கொடுத்து உருளாமல் நிறுத்தினோம். ஒவ்வொன்றிலும் உண்மையான மாதம், புத்தகம் பார்த்து, நானே பெயிண்ட் தொட்டு எழுதினேன். கோணல் மாணலாக இருக்கிறது. யாரும் ஸ்மார்ட் என்று சொல்லமாட்டார்கள்.

யார்டு வெறிச்சென்று ஆகிவிட்டது.

நவம்பர் 26, திங்கள்

தேசிங்கு வரவில்லை. புது லாரி சைடிங் பக்கம் இரண்டு தரம் போனது. ஹாரன் அடிப்பான், வழக்கம். அடிக்கவில்லை.

சுண்ணாம்பு டப்பியில் மேலே காய்ந்து ஏடு கட்டியிருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தேன்.

நவம்பர் 27, செவ்வாய்

பாக்கியத்துக்குக் கடிதம். வேலை போகிறது, காரணம் இன்னது என்று ஒளிக்காமல் எழுதினேன். நான் அங்கே வரட்டுமா என்று கேட்டு எழுதி, அந்த வரியை அடித்தேன். அடித்தது தெரிகிற மாதிரியே தபாலில் போட்டுவிட்டேன். நாற்பத்தெட்டு பீப்பாயும் சோதித்தாயிற்று. கழிக்க வேண்டியவை பதினொன்றுதான். மற்றவை நான் போன பிறகும் நன்றாகவே இருக்கும்.

தேசிங்கு இன்றும் இல்லை.

வாங்க: ஒன்றுமில்லை.

நவம்பர் 29, வியாழன்

காலையில் பனி மாதிரித் தூறல். பத்து மணிக்குக் கேட்டில் லாரி சத்தம். சத்தத்திலேயே தெரிந்தது அவன் கை என்று. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

எண்ணெய் வாங்கும் சீட்டை மேஜை மேல் வைத்தான். இருப்பதில் நல்லதாகப் பார்த்து எண் 5-ஐத் திறந்தேன், அந்த நாலு வருஷத்துப் பீப்பாய். அவன் மடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிச் சீசா எடுத்தான். புதிதாகக் கொண்டுவந்திருக்கிறான். பம்பிலிருந்து அதில் கொஞ்சம் பிடித்து வெளியே போய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். விரலில் தொட்டுத் தேய்த்தான். முகர்ந்தான். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தான். சரியாகத்தான் செய்தான். நான் செய்திருக்க வேண்டியது.

கேன் நிறைந்தது. புத்தகத்தில் எழுதி அவன் பக்கம் திருப்பினேன். என் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டான்.

மகளுக்குக் காது குத்தியாயிற்றா என்று கேட்டேன். ஆச்சு என்றான். கேனைத் தூக்கினான். மடியில் வெற்றிலை தெரிந்தது. டப்பியை எடுத்து நீட்டினேன்.

"சுண்ணாம்பு?"

"வேணா சார். வாங்கி வெச்சிகினு கீறேன்."